லிஃப்டக்கா எடுத்த பாடங்கள்

கம்பெனியில் அவள் எல்லோருக்கும் லிஃப்டக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றே கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பத்தொன்பது வயதில் எண்ணெய் டப்பா தூக்கும் உதவியாளாக உள்ளே வந்தவள், முப்பத்தேழு வயதில் முதல் நிலை மெக்கானிக். ஊரின் கிழக்குப் பக்கத்தில் நாற்பத்தொரு லிஃப்ட்டுகள் அவள் பொறுப்பில் ஓடின. எந்த லிஃப்ட் எந்த மாடியில் எப்படி முனகும் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி.

அந்த முனகல்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது.

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் மாதாந்திரப் பராமரிப்புக்குப் போனபோது, லிஃப்ட் நிற்கும் நொடியில் வழக்கமாக வரும் 'டக்' சத்தம் வரவில்லை. லேசாக இழுத்துக்கொண்டு நின்றது. மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பிரேக்கைத் திறந்து பார்த்தாள். ஒரு வருடத்தில் தேய வேண்டிய பிரேக் லைனிங் மூன்றே மாதத்தில் தேய்ந்திருந்தது. அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள்.

கம்பெனியின் பொறியாளர் அந்தத் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வேலை தலைக்கு மேல் இருக்கிற மனிதர்.

"சீக்கிரம் தேயுதுன்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு சீக்கிரம்? பிரேக் தாங்குற விசை எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"சத்தம் மாறியிருக்கு சார். நிக்கும்போது இழுக்குது."

"சத்தத்த வச்சு நான் மேல எழுத முடியாதும்மா. கணக்கா காட்டுங்க. பதினாலு இடத்துல இதே மாடல் ஓடுது. எல்லாத்தையும் நிறுத்தச் சொன்னா, ஏன்னு கேப்பாங்கல்ல?"

அவளிடம் கணக்கு இல்லை. அவர் தாளின் ஓரத்தில் 'கண்காணிக்கவும்' என்று எழுதிக் கோப்பில் வைத்தார்.

ஏழு வாரம் கழித்து அந்த லிஃப்ட், மூன்றாம் மாடியில் நின்று கதவு திறந்த பிறகு, ஒரு முழம் கீழே சரிந்தது. வெளியே கால் வைத்துக்கொண்டிருந்த ஒரு தபால்காரரின் கணுக்கால் உடைந்தது. விசாரணை நடந்தது. அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியதுதான் காரணம் என்று முடிவு செய்து, அந்த ஒரு லிஃப்ட்டுக்கு மட்டும் லைனிங்கை மாற்றினார்கள். அவள் எழுதிய தாள் விசாரணைக்குப் போகவே இல்லை. யாரும் மறைக்கவில்லை, அதில் அளவு எதுவும் இல்லாததால் யாரும் அதை ஆதாரமாக நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளைத் தின்றது. தபால்காரரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தாள். அவர் அவளை யாரென்று தெரியாமல், "நீங்க நல்லா இருக்கணும்மா, முன்னப்பின்ன தெரியாதவனைப் பாக்க வந்திருக்கீங்க" என்றார்.

மறு வாரம் பெரியவர்களுக்கான மேல்நிலைப் பள்ளியின் பாட ஆலோசகர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அங்கே சனி, ஞாயிறு முழு நாளும் வாரத்தில் இரண்டு மாலைகளும் வகுப்பு. இரண்டு வருடம். வேலைக்குப் போகிறவர்கள் மூன்று உயர்நிலைப் பாடங்கள் வரை எடுக்கலாம். ஆலோசகர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அவளுடைய பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். கணிதத்தில் நாற்பத்தொன்று.

"என்ன படிக்கணும்னு நினைக்கிறீங்க?"

"இன்ஜினியரிங், மேடம். மெக்கானிக்கல்."

ஆலோசகர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவருக்கு அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

"அப்போ உயர்நிலைக் கணிதம், உயர்நிலை இயற்பியல் ரெண்டும் கட்டாயம். மூணாவதா வேதியியலோ பொறியியல் வரைகலையோ எடுத்துக்கலாம். ஆனா உயர்நிலைக் கணிதத்துல சும்மா சேர முடியாது, நுழைவுச் சோதனை இருக்கு. நூத்துக்கு அறுபது வாங்கணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான். அடுத்தது எட்டு வாரத்துல வருது." கொஞ்சம் நிறுத்தினார். "நான் உள்ளதச் சொல்லிடுறேன். இந்த நாப்பத்தொண்ணு, இருபது வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. நீங்க பொதுக் கணிதம் எடுங்க. சுலபமா தேறிடுவீங்க. டிப்ளமோ கிடைக்கும். அதுவும் நல்ல படிப்புதான்."

"பொதுக் கணிதம் எடுத்துட்டு அப்புறமா மாத்திக்கலாமா?"

"முடியாது. ஒண்ணுல பதிவாயிட்டா அதுலயே முடிக்கணும்."

"டிப்ளமோ படிச்சவங்க பிரேக் கணக்குல கையெழுத்து போடலாமா மேடம்?"

ஆலோசகருக்குக் கேள்வி புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. சோதனைக்கான படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் கணவனுக்கு ஓட்டல்களுக்கு விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலையில் வேலை. இஸ்திரி உருளைகளுக்கு நடுவில் நின்று நின்று எந்நேரமும் வெந்த முகத்தோடு இருப்பான். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருஷமா? அதுவரைக்கும் நம்ம வீட்டு மிக்ஸிய யாரு ரிப்பேர் பண்றது?" என்றான்.

"இவ்வளவு நாளும் நானா பண்ணேன்? நாலு மாசமா அப்படியே கெடக்கு."

"அதத்தான் சொல்றேன். இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கும்."

அவன் சம்மதம் சொல்வது அப்படித்தான்.

பதினான்கு வயது மகள்தான் சிரிக்காமல், கேள்வித்தாள் மாதிரியைக் கையில் எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கணிதத்தில் வகுப்பிலேயே முதல் ஆள் அவள். "இருபடிச் சமன்பாடு, மடக்கை, முக்கோணவியல்... அம்மா, இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"எதுவும் தெரியாது."

"எட்டு வாரம்தானே இருக்கு?"

"ம்."

"நான் திட்டினா அழுவியா?"

"நீ திட்டுவியா?"

"திட்டுவேன்," என்றாள் மகள்.

திட்டினாள். சாப்பாட்டு மேசையில், பேருந்து நிறுத்தத்தில், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூட. "மைனஸ் எங்கம்மா போச்சு? முழுங்கிட்டியா?" என்பாள். லிஃப்டக்கா வேலைக்குப் போகும் இடங்களில், மோட்டார் அறையின் சுவரில் சாக்பீஸால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவாள். நான்காவது வாரம் மாதிரித் தேர்வில் முப்பத்திரண்டு. ஆறாவது வாரம் ஐம்பத்தொன்று. ஏழாவது வாரம் திரும்பவும் நாற்பத்தாறு. அன்றைக்கு மகள் திட்டவில்லை. அதுதான் லிஃப்டக்காவைப் பயமுறுத்தியது.

சோதனை ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். எட்டு மணிக்கே குளித்து, நல்ல சட்டை போட்டு, இரண்டு பேனாவையும் ஒரு பென்சிலையும் பையில் வைத்து, கடைசியாக ஒருமுறை மடக்கை விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது.

பேசியது எஸ்கலேட்டர்காரர். எஸ்கலேட்டர் பிரிவிலிருந்து போன மாதம்தான் லிஃப்ட் பிரிவுக்கு மாற்றப்பட்டவர். ஐம்பது வயது. லிஃப்ட் குழியை எட்டிப் பார்த்தாலே வியர்க்கும்.

"அக்கா, லீவுன்னு தெரியும். மன்னிச்சிடுங்க. உங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி அந்த ஆபீஸ் கட்டடம் இருக்குல்ல? அங்க லிஃப்ட் நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ள ரெண்டு பேரு. ஒரு பெரிய இரும்பு அலமாரிய ஏத்திருக்காங்க. அது சாஞ்சு ஒருத்தர் நெஞ்சுல அழுத்திட்டு இருக்கு. இன்னொருத்தர் முதுகக் கொடுத்துத் தாங்கிட்டு இருக்காராம்."

"வேற டீம் எங்க இருக்கு?"

"ஒரு மணி நேரம் ஆகும்ங்கறாங்க. நான் ஒத்தையா பிரேக்கத் தொடக் கூடாதுல்ல. ரெண்டு பேரு வேணும்."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மகள் அவளைப் பார்த்தாள்.

"எந்த மாடல்?" என்று கேட்டாள் லிஃப்டக்கா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. பதினான்கில் ஒன்று.

நல்ல சட்டையோடேயே ஓடினாள்.

கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஊழியர்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். மூடிய கதவுக்கு உள்ளே, காலுக்குக் கீழே இருந்து குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா? இவனால பேச முடியலங்க!"

அவள் தரையில் குப்புறப் படுத்து, கதவு இடுக்கில் வாயை வைத்துப் பேசினாள். "நான் லிஃப்ட் மெக்கானிக். உங்கள வெளிய எடுக்கத்தான் வந்திருக்கேன். அலமாரி காலியா, உள்ள ஏதாவது இருக்கா?"

"ஃபைல் இருக்குங்க. பூட்டோட தூக்கிட்டு வந்தோம்."

"எத்தன பேரு தூக்கினீங்க?"

"கீழ ஏத்தும்போது நாலு பேரு. முக்கி முக்கித்தான் ஏத்தினோம்."

"உங்க ரெண்டு பேரு எடை என்ன?"

"என்னது?"

"எடைங்க. எத்தன கிலோ?"

"நான் எம்பத்தஞ்சு. இவன் எழுபது இருப்பான். ஏங்க, இப்பப் போய் இதக் கேக்கறீங்க?"

காரணம் இருந்தது. லிஃப்ட் பெட்டி கம்பிவடத்தின் ஒரு முனையில் தொங்குகிறது. இரும்புக் கட்டிகள் அடுக்கிய எதிர் எடை மறு முனையில். பெட்டியில் பாதிச் சுமை ஏறினால் இரண்டும் சமம். சுமை குறைந்தால் எதிர் எடை பெட்டியை மேலே இழுக்கும்; கூடினால் பெட்டி கீழே இறங்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கையால் பிரேக்கைத் தளர்த்தும்போது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகரும் என்பதை அந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கும். நல்ல பிரேக்காக இருந்தால் கவலை இல்லை, விட்டு விட்டுப் பிடிக்கலாம். இந்தப் பிரேக் விட்டால் மறுபடி பிடிக்குமா என்பதே சந்தேகம்.

இருவரும் மோட்டார் அறைக்கு ஏறினார்கள். முதலில் மெயின் சுவிட்சை இறக்கினாள். பிரேக்கைப் பார்த்தாள். லைனிங் தேய்ந்து, ஓரத்தில் அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டுத் தலையே மினுங்கியது. எஸ்கலேட்டர்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொறியாளரை அழைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "பிரேக்கத் தொடாதீங்க. நானே வர்றேன். முக்கா மணி நேரம்," என்றார். தபால்காரரின் கால் அவருக்கும் மறக்கவில்லை என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

"முக்கா மணி நேரம் அந்த ஆளு தாங்க மாட்டாரு சார். மூச்சு விட முடியல."

"பிரேக் பிடிக்கலன்னா ரெண்டு பேரும் போயிடுவாங்கம்மா!"

"ஒரு நிமிஷம் சார்."

எட்டு வாரமாகச் செய்தது போலவே சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுத ஆரம்பித்தாள். எழுத எழுத வாய்விட்டுச் சொன்னாள்.

"எண்ணூறு கிலோ லிஃப்ட். பாதி நானூறு. உள்ள ஆளுங்க நூத்தி அம்பத்தஞ்சு. அலமாரிய நாலு பேரு முக்கித் தூக்கியிருக்காங்க. ஆளுக்கு அறுபது, அறுபத்தஞ்சு வைங்க, ஒரு இருநூத்தி அம்பது. மொத்தம் நானூத்தி அஞ்சு. வித்தியாசம் அஞ்சு கிலோ சார். கிட்டத்தட்ட சமம். பிரேக்க எடுத்தாலும் நகராது. கைச்சக்கரத்தச் சுத்தினாத்தான் நகரும்."

பொறியாளர் ஒரு தாளை இழுத்துக் குறித்துக்கொள்வது போனில் கேட்டது.

"அலமாரி எடைய நீங்க குத்துமதிப்பாதான் போட்டிருக்கீங்க," என்றார் பொறியாளர். "நூறு கிலோ தப்பா இருந்தா?"

"அதையும் போட்டுட்டேன் சார். கியர் நாப்பதுக்கு ஒண்ணு. நூறு கிலோ வித்தியாசம் இருந்தாலும் சக்கரத்தோட விளிம்புல அஞ்சு கிலோ கூட வராது. ஒரு கையால பிடிச்சு நிறுத்தலாம். இந்த வேலைக்கு நான் பிரேக்க நம்பவே இல்ல."

"கப்பி விட்டம் என்ன எடுத்தீங்க?"

சொன்னாள். அவர் அந்தப் பக்கம் எதிலோ எழுதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அந்த அரை நிமிடத்தில் கீழேயிருந்து யாரோ இரும்புக் கதவைத் தட்டும் ஓசை குழி வழியாக ஏறி வந்தது.

"சரி," என்றார். "செய்யுங்க. போனை வைக்காதீங்க."

எஸ்கலேட்டர்காரர் பிரேக் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மோட்டார் தண்டின் முனையிலிருந்த கைச்சக்கரத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணே, நான் சொன்னதும் மெதுவா அழுத்துங்க. நான் 'விடு'ன்னா அப்பவே விட்டுடணும். வேற எதையும் யோசிக்காதீங்க."

"சரிக்கா."

"அழுத்துங்க."

பிரேக் விலகியது. சக்கரம் அவள் கையில் லேசாக அசைந்தது. கீழ்ப்பக்கமாக. அவள் போட்டதைவிட அலமாரி கொஞ்சம் கனம்தான். ஆனால் அசைந்த சக்கரம் அவள் பிடிக்கு அடங்கி நின்றது. மூச்சை அடக்கி, மேல்நோக்கிச் சுற்ற ஆரம்பித்தாள். ஒரு முழுச் சுற்றுக்குப் பெட்டி இரண்டு விரல்கடை ஏறும். ஒரு மீட்டர் ஏற வேண்டும். பத்துச் சுற்றில் தோள் எரிந்தது. இருபதில் கை வழுக்கியது. நல்ல சட்டையின் ஓரத்தில் துடைத்துக்கொண்டாள். முப்பதில் எஸ்கலேட்டர்காரர், "அக்கா, மஞ்ச கோடு வந்துடுச்சு!" என்று கத்தினார். கம்பிவடத்தில் மாடி மட்டத்தைக் காட்டும் பெயின்ட் கோடு.

"விடுங்க!"

பிரேக் பிடித்தது. அவள் சக்கரத்தை விடவில்லை. பத்து எண்ணிப் பார்த்து, நிற்கிறது என்று நிச்சயமான பிறகு, எஸ்கலேட்டர்காரரின் கையைச் சக்கரத்தில் வைத்துவிட்டுச் சாவியோடு படிகளில் பாய்ந்தாள்.

கதவைத் திறந்ததும் நான்கைந்து பேர் சேர்ந்து அலமாரியை நிமிர்த்தினார்கள். உள்ளே இருந்தவரின் உதடு நீலம் பாரித்திருந்தது. தரையில் கிடத்தியதும் அவர் இழுத்த முதல் மூச்சு, கிழிந்த துருத்தியைப் போலச் சத்தம் போட்டது. முதுகைக் கொடுத்துத் தாங்கியவர் சுவரோரம் உட்கார்ந்து குழந்தையைப் போல அழுதார். ஆம்புலன்ஸ் வந்து, ஆளை ஏற்றி, கட்டட மேலாளரின் தாளில் கையெழுத்துப் போட்டு, அவள் தெருவுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. சோதனை நடக்கும் பள்ளி ஊரின் மறுகோடியில்.

பத்து இருபத்தைந்துக்கு உள்ளே நுழைந்தாள். பத்தரைக்குக் கதவை மூடிவிடுவார்கள். கண்காணிப்பாளர் அவளுடைய கையையும் சட்டையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கேள்வித்தாளைக் கொடுத்தார். முதல் பத்து நிமிடம் பேனா பிடிக்கவே முடியவில்லை. விரல்கள் இன்னும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன. விடைத்தாளில் மூன்று இடத்தில் கருப்புக் கைரேகை பதிந்தது.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. ஐம்பத்தெட்டு.

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கணவன் சட்டைக் கையை மடித்துவிட்டான், சண்டைக்குப் போகிறவன் போல.

"ரெண்டே ரெண்டு மார்க்கா? போய்ச் சொல்லு, ரெண்டு உயிரக் காப்பாத்திட்டுத்தான் வந்தேன்னு. உயிருக்கு ஒரு மார்க் போட்டாலும் அறுபது வந்துடுதுல்ல?"

பத்து நாளில் முதல்முறையாக அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு அழுதாள்.

அவள் கேட்காமலேயே பொறியாளர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதோடு இன்னொன்றையும் காட்டினார். அன்றைக்கு அவள் சுவரில் எழுதியதை எஸ்கலேட்டர்காரர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதன்மேல் அவர் தன் கணக்கையும் போட்டு, பதினான்கு லிஃப்ட்டுகளின் பிரேக்கையும் அளந்து பார்க்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தார். ஒன்பது மோசம் என்று தெரிந்து, நிறுத்தி, லைனிங்கை மாற்றினார்கள். "முதல்லயே நான் இறங்கி வந்து அளந்திருக்கணும்," என்றார் அவர், மேசையைப் பார்த்தபடி. "ஆமா சார்," என்றாள்.

கடிதம் பள்ளியின் குழுவுக்குப் போனது. வியாழக்கிழமை ஆலோசகர் அவளை வரச் சொன்னார். கணவனும் மகளும் கூடவே வந்தார்கள்.

"குழு ஒரு வழி சொல்லியிருக்கு," என்றார் ஆலோசகர். "மதிப்பெண்ண மாத்த முடியாது. ஆனா உங்க சூழ்நிலையப் பாத்து, உயர்நிலைக் கணிதத்துல நிபந்தனையோட சேர்க்கலாம்ங்கறாங்க. ஆறு வாரத்துல ஒரு வகுப்புத் தேர்வு. அதுல அறுபது வாங்கிட்டா தொடரலாம். வாங்கலன்னா பொதுக் கணிதத்துக்கு மாத்திடுவோம். அதுக்கப்புறம் திரும்ப வர முடியாது."

"அப்போ இன்ஜினியரிங்?" என்றான் கணவன்.

"கிடைக்காது. இல்லன்னா, ஒரு வருஷம் பொறுத்து மறுபடி சோதனை எழுதலாம். இன்னைக்கு சாயங்காலம் பதிவு முடியுது. இப்பவே சொல்லணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சேர்ந்துடு," என்றான் கணவன். "கதவத் திறந்து விட்டிருக்காங்க. ஒரு வருஷத்த யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. "அம்மா, நான் சொல்லித் தரேன். ஆறு வாரம்தான். முடியும்மா."

லிஃப்டக்கா தன் விடைத்தாளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ஆலோசகர் எடுத்துக் கொடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கடைசி இரண்டு கேள்விகளுக்கு நேரம் இல்லை, உண்மைதான். ஆனால் நடுவில், நேரம் இருந்த இடத்திலேயே, முக்கோணவியல் கேள்விகள் இரண்டு வெற்றாகக் கிடந்தன. படித்தபோதே புரியாதவை. இப்போதும் புரியவில்லை.

"அந்த இருபத்தஞ்சு நிமிஷம் இருந்திருந்தா அறுபத்திநாலு வந்திருக்கும்," என்றாள் மெதுவாக. "அதுக்கு மேல வந்திருக்காது."

"அறுபத்திநாலு போதுமே," என்றான் கணவன்.

"உள்ள போறதுக்குப் போதும். ஓட்டுறதுக்குப் போதாது. ஆறாவது வாரத்துல நிச்சயமா சரிஞ்சிடுவேன்." ஆலோசகர் பக்கம் திரும்பினாள். "மேடம், இந்த வருஷம் எனக்கு, சோதனைக்குத் தயார் பண்ணுற அந்த அடித்தளக் கணிதம் குடுங்க. அதோட வேதியியல் மட்டும். அடுத்த வருஷம் சோதனை எழுதி, கணிதமும் இயற்பியலும் சேர்த்து எடுக்குறேன். மூணு வருஷம் ஆகும்ல?"

ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க வர்றவங்க எல்லாம் இன்னும் ஒரு பாடம் சேத்துக் குடுங்கன்னுதான் கேப்பாங்க. கொறச்சுக் கேட்ட ஆளு நீங்கதான். நல்லா யோசிச்சுட்டீங்களா? அடுத்த வருஷம் அறுபது வரலன்னா யாரும் சலுகை தர மாட்டாங்க."

"தெரியும்."

மகள் கையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வீடு வரைக்கும் பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள், "பயந்துட்டல்ல நீ?" என்று கேட்டாள்.

"ஆமா, பயந்துட்டேன்," என்றாள் லிஃப்டக்கா.

அந்த வருடம் எளிதாகப் போகவில்லை. அடித்தளக் கணித வகுப்பில் அவள்தான் மூத்தவள். வேதியியல் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. நடுவில் இரண்டு மாதம் கணவனுக்குக் கையில் வெந்த புண் ஆறாமல், வீட்டு வேலையும் அவள் தலையில் விழுந்தது. பல ஞாயிறுகளில், எதற்கு இந்த வேண்டாத வேலை, கிடைத்ததை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேறு யாருக்கும் தெரியாமல் ஒருமுறை விலகல் படிவத்தைக்கூட வாங்கி வந்து, நிரப்பாமல் கிழித்துப் போட்டாள்.

இரண்டாவது சோதனைக்குத் தொலைபேசியை அணைத்துவைத்துவிட்டுப் போனாள். எண்பத்தொன்று.

அதன்பின் இரண்டு வருடம் உயர்நிலைக் கணிதமும் இயற்பியலும். முடிவில் கணிதத்தில் எழுபத்திரண்டு, இயற்பியலில் எண்பத்தாறு. வேதியியலில் தேறினாள் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நாற்பது வயதில் மாலை நேரப் பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. அது ஐந்து வருடப் படிப்பு. பகலில் அதே நாற்பத்தொரு லிஃப்ட்டுகள்.

அவள் கல்லூரியில் சேருவதற்கு ஒரு வருடம் முன்னால், மகளுக்கும் பாடம் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பதினாறு வயது. பள்ளியிலிருந்து படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். உயிரியல், வரலாறு, மொழி. கணிதத்துக்கு நேராக இருந்த கட்டம் காலியாக இருந்தது.

"கணக்கு எங்க?" என்றான் கணவன். "எழுத மறந்துட்டியா?"

"மறக்கலப்பா. எடுக்கல."

"கிளாஸ்ல மொத ஆளுடி நீ!"

"வரும்ப்பா. ஆனா பிடிக்கல. அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தப்பதான் நல்லாத் தெரிஞ்சுது. அவ மூணு மணி நேரம் முட்டி மோதி ஒண்ணக் கண்டுபிடிச்சா, குதிப்பா. எனக்கு மூணு நிமிஷத்துல வரும். ஒண்ணுமே தோணாது."

லிஃப்டக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரே வீட்டில் இரண்டு பொறியாளர்கள் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்தாள்.

"பின்னால வேணும்னு தோணிச்சுன்னா?"

"உன்ன மாதிரி முப்பத்தேழு வயசுல போய்ப் படிச்சுக்கறேன்."

"ரொம்பக் கஷ்டம்டி அது."

"தெரியும். கூடவே இருந்து பாத்தேன்ல."

கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். லிஃப்டக்கா பேனாவை எடுத்து, பெற்றோர் கையெழுத்து என்று இருந்த இடத்தில் போட்டுவிட்டு, இயற்பியல் புத்தகத்தைத் தேடிக்கொண்டு எழுந்தாள். அன்றைக்கு மாலை வகுப்பில் தேர்வு இருந்தது.